தெருக் காவலுக்கு வாட்ஸ்அப் குழு தொடங்கலாமா?

கேள்வி: எங்கள் நகரில் அடுத்தடுத்து இரண்டு வீடுகளில் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். எல்லா வீட்டாரையும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, சந்தேகமாக எதையாவது பார்த்தால் உடனே தகவல் போடச் சொல்லலாம் என்று இருக்கிறோம். பயன் இருக்குமா? வயதானவர்கள் நிறைய இருப்பதால் எஸ்எம்எஸ் மேலா?

பதில்:

தாராளமாகத் தொடங்குங்கள். ஆனால் திருடன் வரும் நேரத்தில் இந்தக் குழு காப்பாற்றும் என்று மட்டும் நம்ப வேண்டாம். அவன் வருவது ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு. அப்போது பாதிப் பேர் போன் சைலண்ட்டில் கிடக்கும், மீதிப் பேர் குழுவையே மியூட்டில் போட்டிருப்பார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது, பகல் முழுக்க அதில் குட் மார்னிங், பிறந்தநாள் வாழ்த்து, "இன்னைக்கு லாரித் தண்ணி வருமா", சர்க்கரை நோய்க்கு யாரோ அனுப்பிய கைவைத்தியம் என்று ஓடிக்கொண்டிருந்தால் மனுஷன் என்னதான் செய்வான்? சென்னைப் புறநகரில் எங்கள் நகர் நலச் சங்கத்தின் குழுவைச் சில வருடங்களாகப் பார்த்துக்கொள்வதால் சொல்கிறேன், காவல் குழு தனியாகவும் அரட்டைக் குழு தனியாகவும் இருந்தே ஆக வேண்டும். அட்மின்கள் மட்டும் எழுதும்படி வைக்கும் வசதி வாட்ஸ்அப்பில் 2018 முதல் இருக்கிறது, அரட்டை அடங்காவிட்டால் அதைப் போட்டுவிடலாம். ஒரே ஒருவர் அட்மினாக இருந்தால் அவர் தூங்கும்போது குழுவும் தூங்கிவிடும், அதனால் தெருவுக்கு இரண்டு பேரையாவது அட்மின் ஆக்கிவிடுங்கள். ராத்திரிச் சமாசாரத்துக்கு மெசேஜே வேண்டாம், பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் வீட்டுக்கு நேரடியாகப் போன் அடிப்பதுதான் வேலைக்கு ஆகும்.

அடுத்தது, யாருக்கு முதலில் சொல்வது என்பது. முதலில் போலீஸ் அவசர எண் 100 அல்லது 112, அப்புறம்தான் குழு. நடைமுறையில் தலைகீழாக நடக்கும், ஒருவர் குழுவில் போட்டதும் பத்துப் பேர் "அடடா", "ஜாக்கிரதை" என்று பதில் போடுவார்கள், எல்லாரும் வேறு யாராவது போலீஸுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், கடைசியில் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நெதர்லாந்தில் பல ஊர்களில் தெரு முனையிலேயே 'இங்கே வாட்ஸ்அப் காவல் குழு இருக்கிறது' என்று பலகை வைத்திருக்கிறார்கள். அவர்கள் குழுக்களில் சொல்லித்தரும் வரிசையும் இதுதான்: கவனி, 112-க்குச் சொல், பிறகு குழுவில் போடு. "100-க்குச் சொல்லிவிட்டேன்" என்ற வரி இல்லாத தகவலை எங்கள் குழுவில் தகவலாகவே எடுத்துக்கொள்வதில்லை.

எப்படி எழுதுவது என்பதில்தான் பெரும்பாலான குழுக்கள் கெடுகின்றன. "சந்தேகப்படும்படி ஒருத்தன் சுத்திட்டு இருக்கான், எல்லாரும் உஷார்" என்று வந்தால் படிப்பவர் என்ன செய்வார்? பயப்படுவார், அவ்வளவுதான். இப்படி வர வேண்டும்: "இரண்டாவது குறுக்குத் தெரு, டிரான்ஸ்பார்மர் பக்கம், மணி 1.40, கறுப்பு பைக், பின்னால் நம்பர் பிளேட் இல்லை, இரண்டு பேர், ஒருவர் காம்பவுண்ட் மேல் ஏறி உள்ளே பார்த்தார், மெயின் ரோடு பக்கம் போனார்கள், 100-க்குச் சொல்லிவிட்டேன்." இடம், நேரம், வண்டி, செய்த காரியம். ஆள் கறுப்பா, தாடியா, இந்தி பேசினாரா என்பது செய்த காரியம் ஆகாது. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் குழுவில் ஒருவர், தோளில் சாக்குப் பையோடு ஒரு வீட்டு வாசலில் நின்றவரை கேமராவில் இருந்து படம் எடுத்து, 'திருடன்' என்று போட்டுவிட்டார். வந்தவர் பிளம்பரின் கையாள், பைக்குள் இருந்தது பைப்பும் சாமானும். அது தெரிவதற்குள் படம் பக்கத்து நகர்க் குழுக்களுக்கெல்லாம் போய்விட்டது. மறுப்பு போட்டோம், அதை யார் ஃபார்வர்டு செய்வார்கள்!

இது அவமானத்தோடு நின்றது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் அப்படி அவமானத்தோடு நிற்கவில்லை. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம் வழி கேட்க இறங்கியது, 65 வயது அம்மா ஒருவர் அங்கிருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று அந்தச் சமயத்தில் வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. ஊரே கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அதே மாதத்தில் பழவேற்காட்டிலும் ஒருவரை இதே வதந்தியில் அடித்தே கொன்றார்கள். அந்த வருடம் நாடு முழுக்க இப்படி நடந்த பிறகுதான் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வதந்தியைப் பரப்பியவர்களில் பலர் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள், 'எதற்கும் நாலு பேருக்குச் சொல்லிவைப்போம்' என்றுதான் அனுப்பியிருப்பார்கள். அதனால் காவல் குழுவில் ஃபார்வர்டு கூடவே கூடாது, கண்ணால் பார்த்ததை மட்டும்தான் போட வேண்டும். மீறி வந்தால் அட்மின் உடனே அழித்துவிடலாம், அதற்கும் வசதி வந்துவிட்டது. அழிப்பதற்குச் சங்கடப்படும் ஆளை மட்டும் அட்மின் ஆக்காதீர்கள். ("ஏதாவது வில்லங்கம் வந்தால் அட்மின்தானே மாட்டுவார்?" என்று பயந்து சிலர் பொறுப்பு ஏற்க மாட்டார்கள். அடுத்தவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் மேல் குற்றம் சுமத்த முடியாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021-லேயே சொல்லிவிட்டது.)

இன்னொன்று, என்னைக் கேட்டால் இதுதான் பெரிய ஓட்டை. "தீபாவளிக்கு ஊருக்குப் போறோம், நாலு நாள் வீடு பூட்டியிருக்கும், கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று குழுவில் போடுவார்கள். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன பழைய வாடகைக்காரர், வேலையை விட்ட வாட்ச்மேன், கேன் தண்ணீர் போடுபவர், யாரென்றே தெரியாத, வெறும் நம்பர் மட்டும் தெரிகிற நாலு பேர். அவர்கள் எல்லாரும் நல்லவர்களாகவே இருக்கட்டும், அவர்கள் போன் யார் கையில் இருக்கிறது என்று தெரியாதே. ஊருக்குப் போவதை எழுதிக் கொடுக்க வேண்டிய இடம் ஸ்டேஷன், பூட்டிய வீடுகளை ரோந்து வரும் போலீஸார் ஒரு கண் பார்த்துக்கொள்வார்கள். அப்புறம் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை. குழுவில் வேண்டவே வேண்டாம். உறுப்பினர் பட்டியலை அடிக்கடி சலித்துப் பாருங்கள், வீடு மாறிப் போனவரை எடுத்துவிடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

இவ்வளவு சொன்ன பிறகு குழுவால் என்னதான் லாபம் என்று கேட்பீர்கள். லாபம் மறுநாள் காலையில். பைக் திருடுபோனது என்று வைத்துக்கொள்ளுங்கள், "11 முதல் 3 மணி வரை தெருவைப் பார்த்த மாதிரி யார் வீட்டு கேமரா இருக்கிறது?" என்று கேட்டால் அரை மணி நேரத்தில் பதில் வந்துவிடும், போலீஸ் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியதில்லை. இதில் இரண்டு விஷயம். கேமரா படம் பதிவாகும் டிவிஆர் பெட்டியில் இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும், அதனால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடாமல் அன்றே பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது திரையில் ஓடும் மணியையும் உங்கள் போனில் இருக்கும் மணியையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், பல வீட்டு டிவிஆரில் நேரம் பத்து இருபது நிமிடம் தள்ளித்தான் ஓடும், அதைக் கவனிக்காவிட்டால் நாலு கேமராவில் வந்தவன் ஒரே ஆள்தானா என்று கோத்துப் பார்ப்பதற்குள் தலை சுற்றிவிடும். எடுத்ததை ஸ்டேஷனில் கொடுங்கள், குழுவில் போடாதீர்கள்.

எஸ்எம்எஸ் பற்றிக் கேட்டீர்கள். மொத்தமாக அனுப்பும் எஸ்எம்எஸ் சேவைக்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி டிஎல்டி பதிவு (அனுப்புபவர் யார் என்று முன்கூட்டியே பதிந்துவைப்பது) வேண்டும், அனுப்பும் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும், ராத்திரி திடீரென்று "மூன்றாவது தெருவில் ஆள்" என்று அடிக்க அது சரிப்படாது. சொந்தப் போனிலிருந்து அனுப்பலாம் என்றால், சாதாரண ரீசார்ஜ் பேக்கில் நாளுக்கு 100 எஸ்எம்எஸ்தான், ஒரு நகருக்கு ஒரு தடவை அனுப்பினாலே தீர்ந்துவிடும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு மெசேஜை விடக் குரல்தான் சரி, தெருவில் எந்தத் தாத்தா பாட்டிக்கு எந்த வீட்டார் போன் செய்வது என்று குழு தொடங்கும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள், அந்தச் சீட்டு அவர்கள் வீட்டு போன் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கட்டும்.