டைமிங் பெல்ட் அறுந்தது, வாரண்டியும் முடிந்தது: குன்னூரில் இருப்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: குன்னூரில் ஓடும் டீசல் கார். 1,00,000 கி.மீ.யில் மாற்றச் சொன்ன டைமிங் பெல்ட் 70,000-லேயே அறுந்துவிட்டது. வாரண்டி முடிந்ததென்று கம்பெனி கைவிரிக்கிறது. வழி உண்டா?

உண்டு. முதலில், சரிவில் உருட்டி செகண்ட் கியரில் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள் (மலைக்காரர்களுக்குக் கை அங்கேதான் போகும்). வால்வுகளைப் பிஸ்டனோடு இசைவாகத் திறந்து மூடவைப்பது டைமிங் பெல்ட்தான்; அது இல்லாமல் இன்ஜின் சுழன்றால், பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும்.

இன்ஜினைப் பிரிக்கும்போது கூடவே நில்லுங்கள். அறுந்த பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் பாகம்), வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, கேட்டு வாங்கி வையுங்கள். டென்ஷனர் பேரிங்கைக் கையால் சுற்றினால் கரகரக்கிறதா? பெல்ட்டில் ஆயில் ஊறியிருக்கிறதா? அப்படியென்றால் பெல்ட்டைத் தின்றது வேறு பாகம். வழக்கின் உயிரே அதில்தான்.

"மலை ஓட்டம்" என்று கம்பெனி வாதாடும். அதிலும் நியாயம் இருக்கிறது: பர்லியாறிலிருந்து லோ கியரில் ஏறும்போது, அதே ஒரு கிலோமீட்டருக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்றுகிறது. கடின உபயோகத்துக்குத் தனிக் கணக்கு, ஆண்டு வரம்பு ஏதும் மேனுவலில் உண்டா என்று பாருங்கள். இருந்து, நீங்கள் தாண்டியிருந்தால் கஷ்டம்தான்.

இல்லையென்றால் சர்வீஸ் பில்களோடு எழுத்தில் புகார் கொடுங்கள். செலவில் பங்கு கேளுங்கள். மறுத்தால் ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கோவைக்கு இறங்க வேண்டாம். கெடு 2 ஆண்டு. வாரண்டி முடிந்ததாலேயே மனு தள்ளுபடியாகிவிடாது. ஆனால் உற்பத்திக் குறை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பாகத்தை லேப் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் கட்டாயமில்லை. ஆரம்ப விசாரிப்புக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.