ராஸ்டர் (கட்டம் கட்டமான வரைபடத் தரவு) கேள்வி-பதில்: மைனஸில் மழை பெய்யுமா?

கேள்வி: ஆர் நிரல்மொழியில் வரைபடத் தரவைப் படிக்கும் ஆர்ஜிடால் தொகுப்பு இன்ஸ்டால் ஆக மறுக்கிறதே?

பதில்: 2023 அக்டோபரிலேயே அதை ஓய்வுபெற வைத்துவிட்டார்கள். டெர்ரா என்ற தொகுப்புக்கு மாறுங்கள்.

கேள்வி: 3 ஜிபி ஃபைல், டெர்ராவின் ரேஸ்ட் கட்டளை கொடுத்ததும் நொடியில் திறந்துவிட்டது. முழுதும் படித்ததா?

பதில்: இல்லை. கட்ட அளவு, எல்லை, சிஆர்எஸ் (ஆய முறை) போன்ற விவரங்களை மட்டும் படித்திருக்கிறது. மதிப்புகள் டிஸ்கிலேயே இருக்கின்றன. கணக்கு முடியும்வரை ஃபைலை இடம் மாற்றாதீர்கள்.

கேள்வி: இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கால் டிகிரி மழைத் தரவு, ஜிஆர்டி ஃபைல். டெர்ராவில் திறக்கவில்லை.

பதில்: டெர்ராவுக்குத் தெரிந்த ஜிஆர்டி வேறு, அதற்கு ஜிஆர்ஐ என்று ஒரு துணை ஃபைல் உண்டு. உங்களிடம் இருப்பது வெறும் பைனரி. நாளுக்கு 135 × 129 கட்டங்கள், எண்ணுக்கு 4 பைட். ஆரின் ரீட்பின் கட்டளை வைத்துப் படிக்கலாம். வரிசை தெற்கிலிருந்து தொடங்குகிறது, ஃப்ளிப் செய்யாவிட்டால் கன்னியாகுமரி மேலே போய்விடும். இதே தரவு நெட்சிடிஎஃப் என்ற ஃபைல் வடிவிலும் கிடைக்கிறது, அதை எடுங்கள்.

கேள்வி: தமிழ்நாட்டைச் சுற்றி ஒரு செவ்வகம் வெட்டிச் சராசரி எடுத்தேன். ஒரு நாள் மழை மைனஸ் 300 மி.மீ. கோடில் என்ன பிழை?

பதில்: கோடில் பிழை இல்லை. தரவைப் பார்க்காமல் கணக்குப் போட்டதுதான் பிழை. உங்கள் செவ்வகத்தில் சுமார் 30 சதவீதம் கடல். அங்கே மதிப்பு இல்லை என்பதற்கு -999 எழுதியிருக்கிறார்கள். அதையும் மழையாகக் கூட்டிவிட்டீர்கள். முதலில் அதை என்ஏ (மதிப்பு இல்லை) ஆக்குங்கள், பிறகு என்ஏக்களை ஒதுக்கும் என்ஏஆர்எம் ட்ரூ கொடுத்துச் சராசரி எடுங்கள். சிலர் அதை 0 ஆக்குகிறார்கள். அது இன்னும் மோசம். கடலில் மழையே இல்லை என்று சொன்னதாகிவிடும், சராசரியும் குறையும்.

உங்களுக்காவது மைனஸ் காட்டிக்கொடுத்தது. எஸ்ஆர்டிஎம் என்ற நில உயரத் தரவில் விடுபட்ட இடத்துக்கு -32768. ஆயிரம் கட்டங்களில் ஒன்று அப்படி இருந்தாலே சராசரி 30 மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். நீலகிரியில் அந்த 30 மீட்டரை யார் கவனிப்பார்கள்? அந்த எண் அப்படியே ஆய்வேட்டில் ஏறிவிடுகிறது. சிர்ப்ஸ் என்ற மழைத் தரவில் -9999. ஆளுக்கொரு எண் வைத்திருக்கிறார்கள், அதனால் மனப்பாடம் உதவாது. எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் மின்மேக்ஸ் (மிகச் சிறிய, மிகப் பெரிய மதிப்பு) பாருங்கள். எண் காட்டவில்லையென்றால் கம்ப்யூட் ட்ரூ கொடுங்கள்.

கேள்வி: சிஆர்எஸ்ஸை யுடிஎம் 44 (மீட்டரில் அளக்கும் ஆய முறை) என்று மாற்றினேன். படம் எங்கோ போய்விட்டது.

பதில்: நீங்கள் மாற்றியது பெயர்ப்பலகையை மட்டும்; ஆயங்கள் டிகிரியிலேயே இருக்கின்றன. ஆயங்களையே மாற்றும் ப்ராஜெக்ட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். நிலப்பயன்பாடு போன்ற வகைத் தரவுக்கு மெத்தட் நியர் (அருகிலுள்ள கட்டத்தின் மதிப்பு) கொடுங்கள். முன்னும் பின்னும் மின்மேக்ஸ் பாருங்கள்.

கேள்வி: ராஸ்டர் ஓடவில்லை, அவசரம்.

பதில்: எந்த ஃபைல், என்ன எரர்? பிரிண்ட் செய்தால் பத்து வரி வருமே, அதையாவது அனுப்புங்கள்.