கண்ணாடி, காது மெஷின், பல்செட் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட்காரர்கள். அம்மாவுக்கு 74 வயது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியே எங்களை ஆளாக்கியவர். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி டிரிப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்க?” என்று, தோட்டத்தில் விடியலில் பேர் கூப்பிடும் இடத்துக்குக் கிளம்புவது போலக் கத்தியிருக்கிறார். செத்துப்போன அப்பாவைக் கூப்பிட்டாராம். காலையில் போய்ப் பார்த்தால் கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். பகலெல்லாம் பாதித் தூக்கம், பேச்சே இல்லை. கண்ணாடி, காது மெஷின், பல்செட் எல்லாம் தொலைந்துவிடும் என்று முதல் நாளே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அதனால் அந்தக் கவலை இல்லை. சொந்தக்காரர்கள் காத்து கருப்பு என்கிறார்கள். கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்கிறார் அண்ணன். அம்மாவின் மனசுக்குத் தெம்பு வர எந்த மாதிரிப் பாட்டு போடலாம்? மனநல டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

க., சுங்கை சிப்புட்

அன்புள்ள க.,

உங்கள் அம்மாவுக்குப் பைத்தியமும் இல்லை, காத்து கருப்பும் இல்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு வருகிற திடீர்க் குழப்பம் போலத்தான் தெரிகிறது. டாக்டர்கள் அதை டெலிரியம் என்பார்கள். இடுப்பெலும்பு முறிந்து வரும் முதியவர்களில் நிறையப் பேருக்கு இது வரும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தொடங்கும். ஏறும், இறங்கும், பொழுது சாய்ந்தால் கூடும். ராத்திரி கத்துவதும் பகலில் சுருண்டு கிடப்பதும் ஒரே குழப்பத்தின் இரண்டு முகங்கள். கத்தினால் மிசி (நர்ஸ்) ஓடிவருவார். சும்மா கிடந்தால் “நல்லா ரெஸ்ட் எடுக்கிறாங்க” என்று நாமே சொல்லிவிட்டு வந்துவிடுவோம். கவனிக்காமல் போவது அதைத்தான்.

பாட்டு: அவருக்குப் பழகியது எதுவானாலும் சரி, சாயங்காலம் அரை மணி நேரம், மெதுவாக. சாமி கயிறு கட்டியிருந்தால் இருக்கட்டும், டிரிப் ஏறுகிற கையில் மட்டும் வேண்டாம், வீங்கினால் இறுக்கும். மனநல டாக்டர் தேவை என்றால் வார்டு டாக்டரே அழைப்பார். அண்ணனிடம் சொல்லுங்கள்: கையெழுத்துப் போட்டுக் கூட்டி வருவது பாசம் இல்லை. குழப்பம் என்பது உள்ளே ஏதோ சரியில்லை என்பதற்கான அடையாளம். கிருமித் தொற்றா, நீர்ச்சத்துக் குறைவா, உப்புச்சத்து மாறியிருக்கிறதா, வலியா, சிறுநீர் அடைப்பா, பல நாளாக மலம் போகவில்லையா என்று தேடிப் பார்க்க வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான்.

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வைத்தது வேறொரு வரி. “அதனால் அந்தக் கவலை இல்லை” என்று எழுதியிருக்கிறீர்களே, அது.

ஏம்மா, 74 வயது மனுஷியின் கண்ணையும் காதையும் வாயையும் பிடுங்கி வீட்டில் பத்திரப்படுத்திவிட்டு, மனசுக்குத் தெம்பு வர என்ன பாட்டு போடலாம் என்று என்னிடம் கேட்கிறீர்கள். காது மெஷின் இல்லாமல் எந்தப் பாட்டைக் கேட்பார்?

நோயாளியின் மனநலம் என்றாலே நாம் தைரியம் சொல்வதைத்தான் நினைக்கிறோம். பத்துப் பேர் கட்டிலைச் சுற்றி நின்று “தைரியமா இரு” என்கிறோம், பாதிப் பேர் அழுகிறோம். முதலில் அவர் எங்கே இருக்கிறார், யார் பேசுகிறார்கள், கையில் ஏன் ஊசி என்பது அவருக்குப் புரிய வேண்டும். பார்வை மங்கிய கண்ணுக்கு அரை இருட்டில் டிரிப் கம்பி ஆளாகத் தெரியும். அரையும் குறையுமாகக் காதில் விழுவது பேயின் முணுமுணுப்பாகும். முகக்கவசம் போட்டவர்களின் உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்ள முடியாது. பல் இல்லாத வாயில் பேச்சு குழறும். அதைக் கேட்கிற புது டாக்டருக்குக் குழப்பம் எவ்வளவு, பல் இல்லாதது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. சோற்றை மெல்ல முடியாமல் தட்டு அப்படியே திரும்பிப் போகும். “சாப்பிட மாட்டேங்கிறாங்க, மனசு விட்டுட்டாங்க” என்பீர்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஷாரன் இனோய் என்ற மருத்துவரும் அவர் குழுவும் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1999-இல் வெளிவந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 15 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. சிறப்புக் கவனிப்பில் இருந்தவர்களில் 9.9 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. புது மருந்து எதுவும் இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்குக் கருவி, அடிக்கடி குடிக்கத் தண்ணீர், சீக்கிரம் எழுப்பி நடக்க வைப்பது, நாளும் இடமும் சொல்லிப் பேச்சுக் கொடுப்பது. தூங்கும் நேரத்தில் மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பால், மெல்லிய இசை, முதுகு நீவிவிடுவது. பயிற்சி பெற்ற தொண்டர்களும் சேர்ந்து செய்தார்கள். இதில் மகளால் செய்ய முடியாதது எது?

தொலைந்துவிடும் என்ற பயம் நியாயமானதுதான். வார்டில் பல்செட் எப்படித் தொலைகிறது தெரியுமா? சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றித் தட்டில் வைப்பார்கள், தட்டோடு குப்பைக்குப் போய்விடும். அதற்கு மூடி போட்ட டப்பா ஒன்று வாங்கிப் பெயரும் கட்டில் எண்ணும் எழுதி ஒட்டுங்கள். ராத்திரி கழற்றினால் தண்ணீரில் போட்டு மூடி, பக்கத்து அலமாரியில் எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். கண்ணாடிக்குக் கழுத்துக் கயிறு பகலில் மட்டும், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். காது மெஷினை மாட்டுவதற்கு முன் முனைத் துளையில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் புது பேட்டரி போட்டாலும் கேட்காது. பொத்தான் பேட்டரி என்றால் ஸ்டிக்கர் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: 312-க்குப் பழுப்பு, 13-க்கு ஆரஞ்சு. ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிஷம் காற்றுப் படவிட்டுப் பிறகு போடுங்கள். ராத்திரி கழற்றும்போது பேட்டரிக் கதவைத் திறந்து வையுங்கள். காதில் மாட்டிய பிறகு ‘கீ’ என்று கத்தினால் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம், சத்தத்தைக் குறைக்காமல் திருப்பி மாட்டுங்கள். ஷிப்ட் மாறும்போது புதிதாக வரும் மிசியிடம் இந்த மூன்றையும் காட்டிச் சொல்லுங்கள்.

அடுத்தது பேச்சு. 2008 முதல் நம் அரசு மருத்துவமனைகளில் காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் சேர்த்துக் கேட்டு எழுதுகிறார்கள். பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று மலாயில் கேட்பார்கள். நம் அம்மாக்கள் சிரித்துக்கொண்டே “சிகிட்” (கொஞ்சம்தான்) என்பார்கள். குறைந்த எண் பதிவாகும், அதற்கேற்ற மருந்துதான் வரும், ராத்திரி வலியில் குழப்பம் ஏறும். நீங்கள் எண்ணைக் கேட்காதீர்கள். புரண்டு படுக்க முடிகிறதா, இருமினால் முகம் சுளிக்கிறாரா, கால் பக்கம் தொட விடுகிறாரா என்று பார்த்து மிசியிடம் சொல்லுங்கள். ஒரு தாளில் வலி, தண்ணி, ஒண்ணுக்கு, குளிருது என்று நாலு தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில், மலாய்ப் பொருளோடு எழுதித் தலைமாட்டில் ஒட்ட அனுமதி கேளுங்கள். தமிழ் தெரியாத மிசியும் வாசித்துக் கேட்பார்.

பார்க்கிற நேரம் பெரும்பாலான அரசு ஆஸ்பத்திரிகளில் பகல் 12.30 முதல் 2 வரை, மாலை 4.30 முதல் 7 வரை. குழப்பம் தொடங்குவதோ அதற்குப் பிறகு. வார்டு சிஸ்டரிடம் நிலைமையைச் சொல்லி ராத்திரி ஒரு பெண் துணைக்கு இருக்க அனுமதி கேளுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் கையைக் கட்டும் தேவையும் குறையும். கட்டினால் மிரட்சி கூடும். டிரிப் போட்ட இடத்தைத் துணிக்கட்டால் மறைத்துச் சுற்றச் சொல்லிக் கேட்கலாம், கண்ணில் படாவிட்டால் கை போகாது.

பெரட்டுக்குப் போகணும் என்றால் வாதாடாதீர்கள், “சரி வா” என்றும் சொல்லாதீர்கள். நன்றாகக் கேட்கிற காதுப் பக்கம், அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி, மெதுவாக: “அம்மா, நான்தான். இப்ப ராத்திரி. ஆஸ்பத்திரியில இருக்கோம். இடுப்புல ஆபரேஷன் ஆச்சு. நான் பக்கத்துலயே இருக்கேன்.” எத்தனை தடவை வேண்டுமானாலும் அதையே சொல்லுங்கள். அப்பாவைக் கேட்டால் “அப்பா செத்து எத்தனை வருஷமாச்சு” என்று முகத்தில் அடிக்காதீர்கள். அப்பாவைப் பற்றிப் பேச விடுங்கள்.

வீட்டிலிருந்து மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம். சளிக்கும் அரிப்புக்கும் எல்லார் வீட்டிலும் இருக்கிற பிரிட்டன் (Piriton) மாத்திரை கூட இந்த வயதில் குழப்பத்தைக் கூட்டும். தூக்க மாத்திரையும் அப்படியே.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது அப்பாவாக இருந்து, அவர் தினமும் சம்சு (மலிவு சாராயம்) குடிப்பவராக இருந்தால், வெட்கப்படாமல் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். திடீரென்று குடி நின்றால் இரண்டு மூன்று நாளில் நடுக்கமும் கடுமையான குழப்பமும் வலிப்பும் வரலாம், உயிரே போகலாம். முன்பே தெரிந்தால் மருந்து இருக்கிறது. குடும்ப மானம் என்று மறைத்து அப்பாவைப் பறிகொடுக்காதீர்கள்.

க., இந்தக் குழப்பம் பெரும்பாலும் சில நாளில் தெளியும், சிலருக்கு வாரக்கணக்காகும். தெளிந்த பிறகும் அந்த ராத்திரிகளின் பயம் அவருக்கு நினைவில் இருக்கலாம். கேலி செய்யாமல், அது ஆபரேஷனால் வந்தது, இப்போது போய்விட்டது என்று விளக்குங்கள். மாதக் கணக்கில் மறதி நீடித்தால் முதியோர் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு அதிகம். அதனால் இனி எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும், கண்புரை ஆபரேஷனாகவே இருந்தாலும், பதிவு செய்யும்போதே டாக்டரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.