கோயில்பிள்ளையின் வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது

கேள்வி: யாங்கூனில் ஒரு சிறிய தமிழ்க் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தவள் நான். வயது 54. பூசைக்கு வேண்டியதையெல்லாம் ஆயத்தம் செய்துவந்த எங்கள் கோயில்பிள்ளை காலமான பிறகு, பூசைப் பொருட்கள் இருக்கும் அறையான சக்ரிஸ்தியின் சாவியைப் பங்குச் சாமியார் என்னிடம் கொடுத்துவிட்டார். சொல்லித்தர ஆள் இல்லை. போன ஞாயிறு திராட்சை இரசம் புளித்த வாடை அடித்தது, அப்பம் நமுத்திருந்தது, துகிலில் மஞ்சள் கறை. போதாததற்கு, "பொம்பளை கை பூசைப் பாத்திரத்தில் படலாமா?" என்று ஒரு பெரியவர் எல்லோர் முன்னும் கேட்டுவிட்டார். விட்டுவிடலாமா என்று இருக்கிறது. வாரம் முழுக்க என்னதான் செய்ய வேண்டும்?

பதில்:

விட்டுவிட வேண்டாம், சகோதரி. முதலில் பெரியவரின் கேள்வியை முடித்துவிடுவோம். அந்த முள் தைத்திருக்கும்வரை கை வேலையில் ஒட்டாது.

பூசைப் பாத்திரத்தைப் பெண் தொடக்கூடாது என்று இன்றைய திருச்சபைச் சட்டத்தில் எங்கும் இல்லை. அவர் மனதில் இருப்பது பழைய வழக்கம். 1917-ஆம் ஆண்டுச் சட்டம், குருக்கள் அல்லாதவர்கள் கிண்ணத்தையும் கழுவாத துகில்களையும் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு அந்தச் சட்டமே விலக்கும் கொடுத்தது. 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளையே பெண்களுக்கு முறைப்படி திறந்துவிட்டார். உங்களுக்கு முக்கியமான எல்லை இது: அர்ப்பணித்த அப்பம் இருக்கும் நற்கருணைப் பேழையைத் திறப்பதும் நற்கருணையை எடுத்துவைப்பதும் சாமியாரின் வேலை, அல்லது அதற்கென்று நியமனம் பெற்ற நற்கருணைப் பணியாளரின் வேலை. இதைப் பெரியவரிடம் நீங்கள் வாதாட வேண்டாம். பூசை முடிவில் அறிவிப்போடு அறிவிப்பாகச் சாமியாரே சொல்லட்டும்.

இனி உங்கள் மூன்று குறைகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் காற்றும் ஈரமும் அவசரமும்தான்.

இரசத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது வெறும் ருசிப் பிரச்சினை அல்ல. முழுக்கக் காடியாகிவிட்ட இரசத்தை ஒப்புக்கொடுத்தால் பூசையே செல்லாது. மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போகிறது. காற்றில் பெருகும் நுண்ணுயிர் மதுவைக் காடியாக்குகிறது. குப்பி எவ்வளவு காலியோ அவ்வளவு காற்று, எவ்வளவு சூடோ அவ்வளவு வேகம். சாமியார் ஒருவர் மட்டும் பருகும் பூசைக்கு 30 மில்லி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி, தாராளம். அந்தக் கணக்கில் 750 மில்லி குப்பி 25 பூசைக்கு வரும். தினமும் ஒரு பூசை என்றால் மூன்றரை வாரம். அத்தனை நாள் ஒரே குப்பியைத் திறந்து திறந்து மூடினால் புளிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே பெரிய குப்பியைத் திறக்கும் நாளன்றே பிரித்துவிடுங்கள். 180 மில்லி கொள்ளும் சிறு கண்ணாடிக் குப்பிகள் நான்கு தேவை. கொதிநீரில் போட்டெடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து, சொட்டு ஈரம் இல்லாமல் உலர்த்துங்கள். கழுத்து வரை ஊற்றி இறுக மூடுங்கள். மிச்சம் 30 மில்லி அன்றைய பூசைக்குச் சரியாக இருக்கும். ஒவ்வொரு சிறு குப்பியும் ஆறு பூசைக்கு வரும், அதாவது ஒரு வாரத்துக்குள் தீரும். மூடியிருக்கிற மூன்றும் சாமியார் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கட்டும். மின்சாரம் போய்ப் போய் வந்தாலும், கழுத்து வரை நிறைந்து மூடிய குப்பி தாங்கும், பாதிக் குப்பி தாங்காது. பூசைக்கு ஊற்றிச் சிறுகுடுவையில் மிஞ்சியதைத் திரும்பக் குப்பியில் ஊற்றாதீர்கள். வீடுவீடாக உறை மோர் கொண்டுபோய்த் தயிர் ஆக்குவது போலத்தான் அது, புளிப்பு மொத்தத்துக்கும் பரவிவிடும். சனிக்கிழமை மாலை ஒரு துளி நாக்கில் விட்டுப் பாருங்கள். பூசையில் சாமியார் அதை அர்ப்பணிக்கும் எழுந்தேற்றத்துக்கு முன் அது வெறும் இரசம், தப்பில்லை.

கடையில் கிடைக்கும் பிளம் ஒயின், ஸ்ட்ராபெரி ஒயின் எதுவும் ஆகாது. திராட்சையில் மட்டும் செய்தது, வேறெதுவும் கலக்காதது என்பதே சட்டம். எந்த இரசம் வாங்கலாம் என்பதைச் சாமியார் சொல்லட்டும், நீங்களாகக் கடைக்காரர் பேச்சை நம்பி மாற்றாதீர்கள். வெள்ளை இரசம் கிடைத்தால் கறைத் தொல்லை பாதி போய்விடும். ஆனால் அப்போது தண்ணீர்க் குடுவையோடு மாறிப்போகும் ஆபத்து உண்டு. இரசக் குடுவையின் கைப்பிடியில் சிவப்பு நூல் ஒன்று கட்டிவிடுங்கள்.

அப்பம். கோதுமை மாவு, தண்ணீர், வேறொன்றும் இல்லை. கோதுமை விலை ஏறினால் "கொஞ்சம் அரிசி மாவு கலந்தால் என்ன?" என்று கேட்க ஆள் வருவார்கள். கலக்கக்கூடாது. நமுத்துப் போவதற்குக் காரணம், பெரிய பொட்டலத்தை ஞாயிறுதோறும் திறப்பது. பொட்டலம் வந்ததும் வாராவாரத் தேவைக்கு எண்ணி, சிறு காற்றுப்புகா டப்பாக்களில் பிரித்துவிடுங்கள். டப்பாவின் அடியில் சிலிக்கா பொட்டலம் ஒன்று, அல்லது வெறும் சட்டியில் வறுத்து ஆறவைத்த அரிசி ஒரு கைப்பிடியைத் துணியில் முடிந்து வையுங்கள். அதன்மேல் ஒரு வெள்ளைக் காகிதம், காகிதத்தின் மேல் அப்பம். அப்பத்தோடு நேராக ஒட்டவிட்டால் அளவுக்கு மீறி உலர்ந்து, பிட்கும்போது துகள் பறக்கும். துகள் பறப்பது நமுப்பதைவிடப் பெரிய குறை. நமுத்தது பூசைக்கு ஆகும். பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி கண்டால் அந்த டப்பா முழுக்க ஒதுக்கிவிடுங்கள்.

எத்தனை வைப்பது? சக்ரிஸ்தியில் ஒரு நோட்டு போடுங்கள். ஞாயிறுதோறும் எத்தனை வைத்தோம், எத்தனை மிஞ்சியது என்ற இரண்டு எண் போதும். நான்கு வாரம் 160, 172, 155, 169 பேர் நன்மை (நற்கருணை) வாங்கினார்கள் என்றால் சராசரி 164. நீங்கள் 175 வைக்கலாம். ஞௌங்லேபின் லூர்து மாதா திருவிழாவுக்குப் பாதிப் பங்கும் கிளம்பிவிடும் பிப்ரவரி ஞாயிறன்று அதே எண்ணிக்கையை வைத்தால் பேழை நிரம்பிவிடும். மக்களுக்கு அந்தப் பூசையிலேயே அர்ப்பணித்த அப்பத்தைக் கொடுப்பதுதான் முறை. பேழையில் இருப்பது நோயாளிகளுக்கும் ஆராதனைக்கும், ஒரு சிறு கையிருப்புக்கும். பேழையில் உள்ளதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 939-வது பிரிவு சொல்கிறது. நல்ல காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர் ஈரத்துக்கு வாரம் ஒரு முறை என்று சாமியாரிடம் நினைவுபடுத்துங்கள். பழையதன் மேல் புதியதைக் கொட்டக்கூடாது. வேறு பாத்திரம் எடுத்து வையுங்கள், பழையதை அவர் பூசையில் முடித்துக்கொள்வார்.

இப்போது துகில். இதில்தான் பொறுமை வேண்டும். பீடத்தில் விரிக்கிற திருமேனித் துகிலும், கிண்ணம் துடைக்கிற துகிலும் முதல் அலசலுக்குச் சோப்பையோ மற்றத் துணிகளையோ பார்க்கக்கூடாது. தனிப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, துகிலை முக்கி, கையால் மெதுவாக அலசி, அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் விடாமல் மண்ணில் ஊற்றுங்கள். நேரே மண்ணுக்குப் போகும் தொட்டி உங்கள் சக்ரிஸ்தியில் இருந்தால் அதிலேயே ஊற்றலாம். இல்லையென்றால் யாரும் மிதிக்காத செடியடி. இரண்டாவது அலசல் வழக்கமான சலவை. உரோமையிலுள்ள வழிபாட்டுப் பேராயம் 2004-இல் வெளியிட்ட அறிவுரையும் இதையே சொல்கிறது. காரணம் சுத்தம் மட்டுமல்ல, நூலிழையில் ஒட்டியிருக்கக்கூடிய நற்கருணைத் துகளுக்கும் திருஇரத்தத் துளிக்கும் நாம் காட்டும் மரியாதை. இந்த வேலையைத் திங்கட்கிழமை செய்துவிடுங்கள். சனிக்கிழமை வரை மூலையில் சுருட்டிக் கிடந்தால் இரசக்கறை இழைக்குள் ஊறிவிடும்.

மஞ்சள் கறைக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, கறை போகுமுன் சூடான இஸ்திரி போட்டது: சூடு கறையை நிலைப்படுத்திவிடும். இரண்டு, இரும்பு கலந்த குழாய்க்கிணற்று நீரில் பிளீச்சிங் பவுடர் போட்டது: வெளுக்கும் என்று நினைப்போம், துருவேறி இன்னும் மஞ்சளாகும். அப்படியானால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் வைத்து அலசுங்கள். கடைசி அலசலுக்கு மழைநீர் பிடித்து வையுங்கள், மழைக்காலத்தில் அதற்கா பஞ்சம்? மூன்றாவது, நம்மூர் விஷயம்: கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கையைக் கழுவாமல் துகிலை மடிப்பது. கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல்நுனி அளவில் ஓரங்களில் மட்டும் இருந்தால் தனாக்காதான்.

திருமேனித் துகிலுக்குக் கஞ்சி போடலாம், போட்டால் விறைப்பாக நிற்கும். துடைக்கும் துகிலுக்குக் கஞ்சி போடாதீர்கள். கஞ்சி போட்ட துணி ஈரத்தை உறிஞ்சாது, சாமியார் கிண்ணத்தைத் துடைக்கத் துடைக்க ஈரம் வழுக்கும். மடிப்பு இப்படி: திருமேனித் துகிலைப் பீடத்தில் விரிக்கிற மாதிரியே விரித்து, கீழ் மூன்றில் ஒரு பங்கை மேலே மடித்து, மேல் பங்கை அதன்மேல் இறக்கி, பிறகு இரு பக்கத்தையும் உள்ளே மடியுங்கள். பிரித்தால் ஒன்பது கட்டம். துகள் எது இருந்தாலும் உள்ளேயே அடங்கும். பூசை முடிந்ததும் அதை உதறவே கூடாது, வந்த மடிப்பிலேயே மடித்து எடுங்கள். துடைக்கும் துகில் நீளவாக்கில் மூன்று மடிப்பு, அவ்வளவுதான்.

பீடத்துணியில் மெழுகு சொட்டினால் சுரண்டாதீர்கள். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி போட்டு அதன்மேல் வைத்து, மெழுகு இறுகியதும் கரண்டியின் பின்புறத்தால் உடைத்தெடுத்து, மீதியை அச்சில்லாத காகிதத்துக்கு நடுவில் வைத்து இஸ்திரி போடுங்கள். சொட்டுவதே பெரும்பாலும் மின்விசிறிக் காற்றாலும் நீண்ட திரியாலும்தான். திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள்.

பேழை அருகே எரியும் அணையா விளக்கு எண்ணெயோ மெழுகோ கொண்டுதான் எரிய வேண்டும். மின்விளக்கு வைத்திருந்தால் ஒவ்வொரு மின்வெட்டிலும் அதுவும் சேர்ந்து அணையும். எண்ணெய் என்றால் எலி திரியை இழுக்காமல் கண்ணாடி மூடி அவசியம்.

நாள்காட்டி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. நம் வாசக நூல்களும் சுவர்க் காலண்டர்களும் தமிழ்நாட்டிலிருந்து வருகின்றன, விழாப் பட்டியலோ இங்குள்ள மறைமாவட்டத்துடையது. ஜூலை 3 தோமையார் இந்தியாவில் பெருவிழா, பொது நாள்காட்டியில் அதற்கு ஒரு படி கீழான விழா. பெருவிழாவுக்கு உண்டு என்பதற்காக இங்கே விசுவாசப் பிரமாணப் பக்கத்தில் நாடா வைத்தால் சாமியார் திணறுவார். இந்த நாட்டின் முதல் அருளாளரான உபதேசியார் இசிதோர் ங்கே கோ லாட்டை எப்போது நினைவுகூர்வது என்பதற்கும் இங்குள்ள நாள்காட்டிதான் வேண்டும். மூன்று ஆண்டுச் சுழற்சியில் வரும் ஞாயிறு வாசகத்துக்கு ஒரு சின்னக் கணக்கு: ஆண்டு எண்ணை மூன்றால் வகுத்து மீதியில்லை என்றால் மூன்றாம் ஆண்டு வாசகம், மீதி ஒன்று என்றால் முதல் ஆண்டு, இரண்டு என்றால் இரண்டாம் ஆண்டு. 2025 மூன்றாவது, 2026 முதலாவது. ஆனால் புது ஆண்டு ஜனவரியில் அல்ல, கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறிலேயே பிறந்துவிடும். தவறு நேர்வது பெரும்பாலும் அந்த நான்கு வாரத்தில்தான். பூவும் இப்படித்தான்: தவக்காலத்தில் பீடத்துக்குப் பூ கிடையாது, நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. திஞ்ஞான் புத்தாண்டு பாஸ்கா காலத்தில் வந்து, யாராவது படாவுப் பூ கொண்டுவந்தால் அன்றே வையுங்கள், மறுநாள் உதிர்ந்து தரையெல்லாம் மஞ்சளாகிவிடும்.

அந்தோணியார் நவநாள் நடக்கும் கோயில் என்றால், செவ்வாய்க்கிழமை இந்துக்களும் பௌத்தர்களும் மெழுகுதிரி ஏற்ற வருவார்கள். அவர்களுக்காக மணல் பரப்பிய இரும்புத் தட்டு ஒன்றை, பலகையோ திரைச்சீலையோ இல்லாத இடத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

ஞாயிறு 7 மணிப் பூசைக்குச் சனி மாலையே திருவுடையை எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் அணிவது அடியில், முதலில் அணிவது மேலே. காலை 6 மணிக்குச் சன்னல்களைத் திறந்து, ஒலிவாங்கியின் பேட்டரியைப் பாருங்கள். தூபம் உண்டென்றால் 6.40-க்குக் கரி பற்றவைக்க வேண்டும். ஓரம் சாம்பல் நிறமாகும்வரை சாம்பிராணி போடக்கூடாது, போட்டால் புகை வராமல் கரி அணையும். ஈரம் குடித்த கரி பொறி பறக்கும், அதையும் தகர டப்பாவில் மூடியே வையுங்கள். 6.50-க்குப் பீடத்து மெழுகுதிரி, குறைந்தது இரண்டு.

இந்த வாரமே இளையவர் இருவரைச் சேர்த்துக்கொண்டு, துகில் அலசலை ஒருவருக்கும் அப்பக் கணக்கை ஒருவருக்கும் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் பூசை நிற்கக்கூடாது. பேழைச் சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள், சக்ரிஸ்தி ஆணியிலும் மாட்டாதீர்கள். பூசை முடிந்ததும் சாமியார் கையிலேயே திரும்பக் கொடுத்துவிடுங்கள்.