உயிரொலியை எழுதாத மொழியை இணையத்தில் கற்பது

இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள டெக்னியோன் பல்கலைக்கழகத்தில் கணவருக்கு, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு செய்யும் போஸ்ட்டாக் வாய்ப்பு கிடைத்து, சிறு குழந்தையோடு குடிவரப் போகும் நீங்கள், வகுப்பில் சேர வழியில்லாத நிலையில் இணையத்தை மட்டும் கொண்டு ஹீப்ரு கற்க முடியுமா, எந்தச் செயலியில் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைத்தெரு, பேருந்து, குழந்தைகள் மருத்துவர், பாலர் பள்ளி ஆகியவற்றைச் சமாளிக்கும் அளவுக்கு நிச்சயமாக முடியும்; பல ஆண்டுகளாக இங்கே வாழும் நானும் பெரும்பகுதியை அப்படித்தான் கற்றேன். ஆனால் இந்த மொழியில் எது கடினம் என்பது முதலில் தெரிந்துவிட்டால், எந்தத் தளத்தை நம்புவது, எதை ஒதுக்குவது என்று நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தால் சொல் வாயில் வந்துவிடும். ஹீப்ருவில் அப்படி வராது. வலமிருந்து இடமாக எழுதும் அதன் 22 எழுத்துகளும் மெய்யெழுத்துகள். அவற்றில் நான்கு மட்டும் சில இடங்களில் உயிரொலியைக் குறிக்க உதவும். மற்றபடி உயிரொலியைக் காட்டும் புள்ளிகளும் கோடுகளும், அதாவது நிகுத், குழந்தைகளின் நூல்களிலும் கவிதைகளிலும் வழிபாட்டு நூல்களிலும்தான் இருக்கும். செய்தித்தாள், மருந்துச்சீட்டு, பாலர் பள்ளியிலிருந்து வரும் வாட்ஸ்அப் செய்தி எதிலும் இருக்காது. சாமெக், பே, ரேஷ் என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்து வந்தால், ஸேஃபெர் என்று படித்தால் புத்தகம், ஸபார் என்று படித்தால் முடிதிருத்துபவர், ஸஃபார் என்று படித்தால் எண்ணினான். இடத்தை வைத்துத்தான் எது என்று அறிய வேண்டும். ஆகவே ஒரு தளம் அந்த உயிரொலியைக் கண்ணுக்குக் காட்டுகிறதா, காதில் விழச் செய்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அந்த வகையில் நீங்கள் அன்றாடம் திறந்து வைத்திருக்க வேண்டியது பெயாலிம் என்ற இலவசத் தளம். ஒரு வினைச்சொல்லை எந்த வடிவில் தட்டினாலும், அதன் வேரைக் கண்டுபிடித்து, முக்காலத்துக்கும் ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை வடிவங்கள் அனைத்தையும் புள்ளிகளோடும், அழுத்தம் விழும் அசை எது என்ற குறிப்போடும் அட்டவணையாகத் தரும். ஹீப்ரு வினைகள் பெரும்பாலும் மூன்றெழுத்து வேர்களிலிருந்து, பின்யான் எனப்படும் ஏழு அச்சுகளில் வார்க்கப்படுபவை: லாமெத், மேம், தாலெத் என்ற ஒரே வேர் ஓர் அச்சில் லொமேத், அதாவது கற்கிறான், என்றும், வேறோர் அச்சில் மெலமேத், அதாவது கற்பிக்கிறான், என்றும் ஆகும். இந்த அச்சுகள் மனத்தில் படியப் படிய, புள்ளி இல்லாத சொல்லையும் சரியாக ஊகித்துப் படிக்கும் திறமை வந்துவிடும். தனித்தனிச் சொற்களை மனப்பாடம் செய்பவர்களுக்கு அது வருவதே இல்லை. முழு வாக்கியங்களுக்கு டிக்தா அமைப்பின் நக்தான் கருவி இருக்கிறது. வந்த செய்தியை அதில் ஒட்டினால் புள்ளியிட்டுத் தரும், ஐயமான சொல்லைச் சொடுக்கினால் மாற்று வாசிப்புகளையும் காட்டும். அகராதிக்கு மோர்ஃபிக்ஸ் போதும்.

டுவோலிங்கோவை எல்லோரும் சொல்வார்கள். பயிற்சிக்கு நல்லதுதான், ஆனால் அங்கே வாக்கியங்கள் புள்ளியின்றி வருவதால், எழுத்துகளை முன்பே வேறிடத்தில் கற்றுவிட்டு அதற்குள் போங்கள். அச்செழுத்தோடு கையெழுத்து வடிவையும் சேர்த்தே பழகுங்கள், ஏனெனில் குடியிருப்பின் வாசலில் ஒட்டப்படும் குறிப்பும் ஆசிரியை எழுதி அனுப்பும் சீட்டும் அந்த வடிவில்தான் இருக்கும். ஒலியைத் தமிழ் எழுத்தில் குறித்துவைக்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். பாலர் பள்ளிக்கும், இங்கே என்பதற்கும் உள்ள ஹீப்ருச் சொற்கள் இரண்டும் தமிழில் எழுதினால் கான் என்றே வரும். முதல் ஒலியின் வேறுபாடு உங்கள் நோட்டிலேயே அழிந்துவிடும்.

யூடியூபில் தேடும்போது ஓர் எச்சரிக்கை. அங்கே கிடைக்கும் பாடங்களில் கணிசமானவை விவிலிய ஹீப்ருவுக்கானவை. அவை ஆழமானவை, ஆனால் வினைக்காலங்கள் இயங்கும் முறை இன்றைய பேச்சிலிருந்து வேறுபடும். பேச்சுக்கு, கை ஷாரெட் நடத்தும் ஸ்ட்ரீட்வைஸ் ஹீப்ரு என்ற பாட்காஸ்ட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆங்கில விளக்கத்தோடு, தெருவில் புழங்கும் ஒரு சொல்லை எடுத்து அதன் பல பயன்பாடுகளைச் சில நிமிடங்களில் கேட்கச் செய்வார். பொது ஒளிபரப்பான கான் நிறுவனத்தின் குழந்தைகள் நிகழ்ச்சிகளை உங்கள் குழந்தையோடு சேர்ந்து பாருங்கள்; செய்தியறிக்கையின் வேகத்தை இப்போதே தொட வேண்டாம். எண்களையும் காதால்தான் கற்க வேண்டும். ஷெகெல் ஆண்பால் சொல் என்பதால் பத்து ஷெகெலுக்கு அஸாரா ஷ்காலிம் என்று இலக்கணம் சொல்லும். ஹைஃபாவின் தல்பியோட் சந்தையில் காய்கறிக்காரர் எஸெர் ஷெகெல் என்றே கூவக்கூடும்.

பெண்ணாகிய உங்களுக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஹீப்ருவில் நான் என்று தொடங்கும் நிகழ்கால வாக்கியத்திலும் வினை பால் காட்டும். எனக்கு வேண்டும் என்பதை ஆண் அனி ரொட்ஸே என்பான், பெண் அனி ரொட்ஸா என்பாள். எழுத்தில் இரண்டும் ஒன்றே. மொழிபெயர்ப்புச் செயலி எழுதித் தருவதை வைத்து உங்கள் வடிவம் எது என்று தெரியாது, அதன் குரல் ஒலிப்பதை அப்படியே பின்பற்றினால் ஆண் பேசுவது போலப் பேச நேரலாம். எனவே ஐடாக்கி போன்ற தளத்தில் வாரம் ஒரு முறையாவது ஒரு பெண் ஆசிரியரிடம் பேசிப் பழகுங்கள்; அவர் தம்மைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு அப்படியே நீங்களும் சொல்லலாம். அரசு உதவியோடு நடக்கும் உல்பான் எனப்படும் தீவிர ஹீப்ரு வகுப்புகள் நிரந்தரமாகக் குடியேறுவோருக்கானவை. கட்டணம் செலுத்திச் சேரும் உல்பான்களும் உண்டு, சில இணையவழியிலும் நடக்கின்றன. புறப்படுவதற்கு முன்பே தொடங்குவதானால், இஸ்ரேல் நேரம் இந்தியாவைவிடக் குளிர்காலத்தில் மூன்றரை மணியும் கோடையில் இரண்டரை மணியும் பின்தங்கியது என்பதையும், வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை பலர் ஓய்வில் இருப்பார்கள் என்பதையும் கணக்கில் வைத்து நேரம் கேளுங்கள்.