அம்மா ஏன் தண்ணீர் குடிப்பதில்லை?

கேள்வி: எனக்கு வயது 46. இரட்சிக்கப்பட்டு இருபது வருடமாகிறது. ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்த அம்மா மூன்று வருடமாக என்னோடு இருக்கிறார். இரவில் கழிப்பறைக்குப் போகக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறேன். பிறகு முழங்காலில் நின்று அழுகிறேன். மறுநாளும் அதே கதை. தம்பி ஊழியத்தில் இருப்பதால் அவனைத் தொந்தரவு செய்வதில்லை. ‘என் கிருபை உனக்குப் போதும்’ என்ற வசனத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் அம்மா சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதில்லை, கூப்பிடுவதும் இல்லை. அதனால் கோபம் குறைந்திருக்கிறது; அதையும் கிருபை என்றே எண்ணி ஸ்தோத்திரிக்கிறேன். இத்தனை குறைகளோடு தேவன் என்னை ஏற்றுக்கொள்வாரா?

பதில்: சகோதரி, தேவன் ஏற்றுக்கொள்வாரா என்ற கேள்வியை ஓரமாக வையுங்கள். அதற்கு விடை உங்களுக்குத் தெரியும். ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள். என்னை உறுத்துவது அந்தத் தண்ணீர்.

அதை ஏதோ நல்ல செய்தி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எழுந்து நடக்க ஆள் துணை வேண்டிய ஒரு தாய் சாயங்காலமே கணக்குப் போடுகிறார்: இப்போது ஒரு டம்ளர் குடித்தால் நடுராத்திரி மகளை எழுப்ப வேண்டும், எழுப்பினால் ஏச்சு விழும். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, விடியும்வரை நா வறண்டு கிடக்கிறார். உங்கள் கோபம் குறையவில்லை, அம்மாவுக்குப் பயம் கூடியிருக்கிறது. இதற்கா ஸ்தோத்திரம்?

வயதானால் தாகமே சரியாகத் தெரியாது. வேண்டுமென்றே குடிக்காமலும் இருந்தால் தலைச்சுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சில நேரம் புத்தித் தடுமாற்றம்கூட வரும். ஒரு தடவை எலும்பு முறிந்தவர் தலை சுற்றி மறுபடி விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் வசனத்துக்கு வருவோம். முள்ளை எடுத்துப்போடும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்ட பவுலுக்குக் கிடைத்த பதில் அது. முள் குத்தியது பவுலுடைய மாம்சத்தில். உங்கள் முள் குத்துவது அம்மாவை. குத்து வாங்குகிறவர் ஒருவர், ‘கிருபை போதும்’ என்று தேறிக்கொள்கிறவர் இன்னொருவர். இது எந்த ஊர் நியாயம்?

கிருபையை நான் குறைத்துப் பேசவில்லை. குறையில்லாமல் ஒருவரும் தேவனிடம் போனதில்லை. இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு மனங்கசந்து அழுதான் என்று லூக்கா 22 சொல்கிறது. யோவான் 21-இல் கரையில் கரிநெருப்போடு நின்ற இயேசு அந்த அழுகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘என்னை நேசிக்கிறாயா’ என்று மூன்று தடவை கேட்டார், மூன்று தடவையும் தம் ஆடுகளை மேய்க்கச் சொல்லி, கையில் வேலையைக் கொடுத்தார். அதே அதிகாரத்தில், முதிர்வயதில் நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உன் அரையைக் கட்டுவான் என்று வருகிறது. அது பேதுருவின் மரணத்தைக் குறித்தது. ஆனாலும் தாயைக் கைத்தாங்கலாக எழுப்புகிற எந்த மகளாலும் அந்த வரியைச் சும்மா தாண்டிப் போக முடியாது.

தேவனிடம் இத்தனை இரவு மன்னிப்புக் கேட்டீர்கள். அம்மாவிடம் ஒரு தடவையாவது கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

அப்புறம் அந்தத் தம்பி. தாய்தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நழுவினவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது. அவனே பிரசங்கம் பண்ணியிருப்பான். வாரத்தில் இரண்டு இரவு அவன் வந்து அம்மா பக்கத்தில் படுக்கட்டும். மூன்று வருடம் தூக்கம் கெட்ட உடம்பில் பொறுமை எங்கிருந்து வரும்? இதில் உங்கள்மேல் எனக்கு இரக்கம்தான். ஆனால் கேட்காமலே அவனை விட்டுவைத்தது நீங்கள்.

இன்றைக்கு இருட்டுவதற்குள் தண்ணீரோடு அம்மா பக்கத்தில் உட்காருங்கள். ‘ராத்திரி நான் ஏசினதுக்குப் பயந்துதானே நீ தண்ணி குடிக்கிறதில்லை, என்னை மன்னிச்சிடும்மா’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் ஒண்ணுமில்லை’ என்பார். நம்பாதீர்கள், அவர் குடித்து முடிக்கும்வரை எழுந்திருக்காதீர்கள். எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரைக் கேளுங்கள், கட்டிலோரமாக ஒரு கமோடு நாற்காலி வாங்கிப் போடுங்கள். ராத்திரி ஜெபம் அதற்கெல்லாம் பிறகு.

அடுத்த கடிதத்தில் இரட்சிப்பைப் பற்றி எழுத வேண்டாம். அம்மா இரவில் உங்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாரா, அதை எழுதுங்கள்.