கனடா விசாவுக்காகக் காத்திருக்கும் சகோதரிக்கு

கணவர் கனடாவில், உங்களை அங்கே அழைக்கும் ஸ்பொன்சர் அலுவல் மூன்று வருடமாக இழுபடுகிறது, சுண்டுக்குளியில் பிள்ளையோடு தனியே இருந்து ஜெபித்தும் பதிலில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஜெபக்குழுவில் ஒருவர் "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்றாராம். அந்தச் சொல்லைத் தயவுசெய்து நெஞ்சில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். அது தவறு, கொடுமையும்கூட.

வேதாகமத்தின் 13ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். 88ஆம் சங்கீதமோ ஆறுதல் வரி ஒன்றும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபம்தான். ஜெபிக்கச் சொல் வராத இரவுகளில் அதை வாய்விட்டு வாசியுங்கள். கர்த்தரிடம் கோபமாகவே கதையுங்கள். கோபித்துக்கொண்டாவது அவரிடமே போகிறீர்களே, அதைத்தான் நான் விசுவாசம் என்பேன்.

ஆதியாகமத்தில் வரும் யோசேப்பு, செய்யாத குற்றத்துக்காகச் சிறையிலிருந்தபோது, விடுதலையாகப்போகும் பார்வோனின் பானபாத்திரக்காரனிடம் உதவி கேட்டான். வெளியே போனவன் மறந்துவிட்டான். பிறகு இரண்டு வருடம் யோசேப்பு சிறையிலேயே காத்திருந்தான். அந்த நாட்களில் கர்த்தர் பேசியதாக ஒரு வார்த்தையும் எழுதப்படவில்லை. ஆனால் அதற்கு முன்பே, சிறையில் கர்த்தர் அவனோடு இருந்தார் என்று எழுதியிருக்கிறது. நான் பற்றிக்கொண்டிருப்பது அந்த வரியைத்தான்.

யோசேப்பு உதவி கேட்டதைப்போல நீங்களும் கேளுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கணவரை எழுத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். அந்த ஜெபக்குழுவுக்குச் சில வாரம் போகாவிட்டாலும் பரவாயில்லை.